அப்பா அம்மாவுக்கு முற்றிய மெலனோமா: சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவின் குதிகாலில் இருந்த கரும்புள்ளியைக் கால் ஆணி என்று நினைத்து எட்டு மாதம் விட்டுவிட்டோம். மெலனோமா என்று தெரிந்தபோது அது தொடை இடுக்கு நிணநீர்க் கணுவையும் நுரையீரலையும் தொட்டிருந்தது. அதன்பின் நான் படித்ததும் ஓடியதும் தெரிந்தவர்கள் வழியாகப் பரவி, மாதத்துக்கு இரண்டு பேராவது கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் முன் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்க இது உதவும், அவ்வளவுதான்.

ஸ்கின் கேன்சர்தானே, வெட்டி எடுத்துட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே?

எந்த வகை என்று முதலில் பாருங்கள். பேசல் செல், ஸ்குவாமஸ் செல் என்ற இரண்டும் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். மெலனோமா தோலுக்கு நிறம் தரும் செல்களில் பிறப்பது. தொடக்கத்திலேயே பிடித்தால் அதையும் வெட்டி எடுத்தே குணப்படுத்தலாம். ஆழமாக இறங்கிவிட்டால் நிணநீர் வழியாகவும் ரத்தம் வழியாகவும் கிளம்பிவிடும்.

இந்தப் பக்கம் முழுக்க மெலனோமாவைப் பற்றித்தான். உங்கள் அறிக்கையில் முற்றிய ஸ்குவாமஸ் செல் என்றிருந்தால் செமிப்லிமாப் போன்ற இம்யூனோதெரபி (நம் நோய் எதிர்ப்புச் செல்களைப் புற்றின் மேல் ஏவும் மருந்து) ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்குகிறது. முற்றிய பேசல் செல்லுக்கு விஸ்மோடெகிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கீழே வரும் சதவீதங்களை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

முற்றிய நிலைன்னா மூணாவது ஸ்டேஜா, நாலாவதா?

மூன்றாவது என்றால் பக்கத்து நிணநீர்க் கணுவிலோ, புண்ணுக்கும் கணுவுக்கும் இடையிலுள்ள தோலிலோ பரவியிருக்கிறது. நான்காவது என்றால் நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை போன்ற தொலைவிடங்களுக்குப் போயிருக்கிறது. அறுத்து எடுக்க முடியாத மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்தே 'முற்றிய' என்கிறார்கள். நான்காவதிலும் எல்லாரும் ஒன்றில்லை. தொலைவிலுள்ள தோலிலும் கணுவிலும் மட்டும் இருப்பவருக்கும் மூளைக்குப் போனவருக்கும் நிறைய வித்தியாசம். எல்டிஎச் என்ற ரத்தப் பரிசோதனை கூடியிருந்தால் நோய் வேகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது நிலையில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொல்லியிருந்தால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: 'கத்தி வைப்பதற்கு முன்பே இம்யூனோதெரபி தரலாமா?' 2023-இல் வெளியான ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை முழுவதும் அறுவைக்குப் பின் தந்ததைவிட, மூன்று தவணையை முன்னால் தந்தவர்களில் கூடுதல் பேருக்கு நோய் திரும்பவில்லை. இரண்டு ஆண்டு முடிவில் 72 சதவீதம், மற்றக் குழுவில் 49. 2024-இல் இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துத் தந்து நடந்த இன்னொரு ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. 'முதல்ல வெட்டி எறிஞ்சிடுங்க' என்று அவசரப்படுத்துவது வீட்டார்தான். நாங்களும் அப்படித்தான் நின்றோம்.

அப்பா வெயில்ல அலைஞ்சதே இல்ல, நிறமும் கறுப்பு. அவருக்கு எப்படி வந்துச்சு?

உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வருவதே குறைவு, வந்தால் அதிகமும் இந்த இடங்களில்தான். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில் கண்டார்கள். 1981-இல், 36 வயதில் இறந்தார்.

சிகிச்சைத் தேர்விலும் இது பேசும். பிராஃப் என்ற மரபணு மாற்றம் மற்றத் தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருக்கும், உள்ளங்கை உள்ளங்கால் வகையில் அதைவிடக் குறைவு. கிட் என்ற வேறொரு மாற்றம் சிலருக்கு இருக்கும். இம்யூனோதெரபியும் இந்த வகையில் சற்றுக் குறைவாகவே வேலை செய்கிறது. ஆகவே மருத்துவர் ஒரு சதவீதம் சொன்னால், 'இது உள்ளங்கால் மெலனோமாவுக்கும் பொருந்துமா?' என்று கேளுங்கள். நான் இதைக் கேட்கவே நான்கு மாதம் ஆயிற்று.

டெஸ்ட் ரிசல்ட் வர ரெண்டு வாரமாகும்கிறாங்க. அதுவரை சும்மா இருந்தா பரவிடாதா?

பெரும்பாலும் அந்த இரண்டு வாரம் பெரிய சேதம் செய்யாது. அவசரத்தில் தவறான மருந்தைத் தொடங்குவதுதான் அதிகச் சேதம். பயாப்சித் திசுவில் பிராஃப் பரிசோதனை, உடம்பு முழுக்க சிடி அல்லது பெட் சிடி, மூளைக்கு எம்ஆர்ஐ, எல்டிஎச் ஆகியவை கையில் இருக்க வேண்டும். தைராய்டு, கல்லீரல், சர்க்கரை அளவுகளையும் தொடங்குமுன் எடுத்து வைப்பார்கள். பிறகு ஏதாவது மாறினால் ஒப்பிட அது வேண்டும்.

மூச்சுத் திணறல், தலைவலியோடு வாந்தி, வலிப்பு, கால் மரத்துப்போய்ச் சிறுநீர் கழிக்க முடியாமை இருந்தால் காத்திருக்கும் பேச்சே கிடையாது. அன்றைக்கே மருத்துவமனை.

இம்யூனோதெரபின்னா கீமோதானே?

இல்லை. கீமோ செல்களை நேரடியாகக் கொல்லும். இது நம் நோய் எதிர்ப்புச் செல்களுக்குப் புற்று போட்டிருக்கும் பிரேக்கை விடுவிக்கும். அந்த பிரேக்குகளைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. முடி கொட்டுவது, ஓயாத வாந்தி என்று நாம் பயப்படுபவை இதில் அதிகம் இல்லை, இதன் தொல்லைகள் வேறு மாதிரி. கீமோவில் பழைய மருந்தான டகார்பசின் மெலனோமாவில் சிலருக்கே, அதுவும் கொஞ்ச காலத்துக்கே கேட்கும். இப்போது அது பின்வரிசைக்குப் போய்விட்டது.

ஒரு மருந்தா, ரெண்டு மருந்தான்னு எங்களையே முடிவு பண்ணச் சொல்றாங்க. எப்படிப் பண்றது?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. இம்யூனோதெரபியில், ஊசி வழியாக ஏற்றும் ஒற்றை மருந்து என்றால் நிவோலுமாப் அல்லது பெம்ப்ரோலிசுமாப். இரட்டை என்றால் பெரும்பாலும் நிவோலுமாபோடு இபிலிமுமாப். இவற்றை ஒப்பிட்ட பெரிய ஆய்வின் பத்தாண்டு முடிவு 2024-இல் வந்தது. பத்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் இரட்டை மருந்தில் 43 சதவீதம், நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 37, இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 19. ஆனால் கடுமையான பக்கவிளைவு இரட்டையில் பத்தில் ஆறு பேருக்கு வந்தது. நிவோலுமாப் மட்டும் என்றால் நான்கில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு.

43, 37 என்ற இரண்டை மட்டும் பார்த்து 'ஆறு சதவீதத்துக்கு இவ்வளவு தொல்லையா' என்று சிலர் கேட்கிறார்கள். எல்டிஎச் கூடியவர்கள், பிராஃப் மாற்றம் உள்ளவர்கள், மூளையில் தொந்தரவு தராத சிறு கட்டிகள் உள்ளவர்கள் ஆகியோருக்கு இரட்டை மருந்தின் பக்கம் மருத்துவர்கள் அதிகம் சாய்கிறார்கள். நோய் மெதுவாகவும் கட்டி சிறிதாகவும் இருந்து, வீட்டில் கவனிக்க ஆள் குறைவென்றால் ஒற்றை மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. இடையில் இன்னொரு வழியும் உண்டு: நிவோலுமாபோடு ரெலாட்லிமாப், 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கடுமையான பக்கவிளைவு ஐந்தில் ஒருவருக்கு. நோய் வளராமல் நின்ற காலத்தின் நடுமதிப்பு (பாதிப் பேர் தாண்டிய காலம்) 10 மாதம், ஒற்றை நிவோலுமாபில் நாலரை மாதம்.

இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் ஓரளவு தெம்பானவர்கள் என்பதை மறக்க வேண்டாம். எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். 'இவர் உங்கள் அப்பாவாக இருந்தால்' என்று வேண்டாம், அது அவரைச் சங்கடப்படுத்தும். 'ஒற்றை மருந்தில் தொடங்கி, கேட்காவிட்டால் இரண்டாவதைச் சேர்க்க இவருக்கு நேரம் இருக்குமா?' என்று கேளுங்கள். எங்களுக்குப் பதில் 'இருக்கும்' என்று வந்தது. ஒற்றையில் தொடங்கினோம்.

பிராஃப் பாசிட்டிவ். வீட்லயே மாத்திரை போட்டா போதும்னா, ஊசி எதுக்கு?

டாப்ராஃபெனிபோடு டிராமெட்டினிப், எங்கோராஃபெனிபோடு பினிமெட்டினிப் என்று ஜோடியாகத் தரும் மாத்திரைகள் இவை. வேகம்தான் இவற்றின் பலம். மூன்றில் இரண்டு பேருக்குக் கட்டி சுருங்கும், சிலருக்குச் சில வாரங்களிலேயே. பலவீனம், புற்று வேறு வழி கண்டுபிடித்துவிடும்: ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வளரத் தொடங்குகிறது. டாப்ராஃபெனிப் ஜோடியில் ஐந்தாண்டைத் தாண்டியவர்கள் 34 சதவீதம்.

எதை முதலில் தருவது என்பதற்காகவே ஓர் ஆய்வு நடந்தது. பிராஃப் மாற்றம் உள்ளவர்களில் இரட்டை இம்யூனோதெரபியில் தொடங்கியவர்கள் இரண்டு ஆண்டு முடிவில் 72 சதவீதம் உயிரோடு இருந்தார்கள், மாத்திரையில் தொடங்கியவர்கள் 52 சதவீதம். முதல் சில மாதங்களில் மட்டும் மாத்திரைக் குழுவே மேலாக இருந்தது. அதனால்தான் நோய் பாய்ச்சலில் போகும்போது, ஊசி வேலை செய்யும்வரை தாங்காது என்று தோன்றினால், மாத்திரையை முதலில் தருகிறார்கள். மற்றபடி அது இரண்டாவதாகக் கையில் இருக்கட்டும். பிராஃப் மாற்றம் இல்லாதவர்களுக்கு இந்த மாத்திரையைத் தரக்கூடாது. 'எப்படியாவது வாங்கித் தருகிறோம்' என்று கேட்கும் மகன்களைப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல், மூட்டுவலி, பார்வை மங்கல், இதயம் இறைக்கும் திறன் குறைவது ஆகியவை இதன் தொல்லைகள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்துவதா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள்.

அம்மாவுக்கு 79 வயசு. இதெல்லாம் தாங்குவாங்களா?

வயதை மட்டும் வைத்து யாரும் மறுப்பதில்லை. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல், 90 வயதில், மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அறுவை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் மூன்றும் பெற்றார். அந்த வருடக் கடைசியில் புற்று தென்படவில்லை என்று அறிவித்தார். 2024 டிசம்பரில், 100 வயதில் இறந்தார். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, வயது கதவைச் சாத்துவதில்லை என்பதற்காக.

அம்மா தானாக எழுந்து குளிக்கிறாரா, பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலா, வேறு நோய்கள் என்ன என்பதுதான் கணக்கு. முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுவலி), குடல் அழற்சி போன்ற, உடல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் இருந்தால் இம்யூனோதெரபி அதைக் கிளறிவிடலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருந்தால் உடல் அதை நிராகரிக்கும் ஆபத்து உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள், 'சொன்னா ட்ரீட்மென்ட் தரமாட்டாங்க' என்று பயந்து விழுங்காதீர்கள்.

பக்கவிளைவுல எதைப் பார்த்தா பயப்படணும்?

பிரேக்கை விடுவித்தால் வண்டி தப்பான தெருவுக்குள்ளும் போகும். அந்தச் செல்கள் குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, பிட்யூட்டரி என்று எதையும் தாக்கலாம். வழக்கத்தைவிட நாலைந்து முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், புதிய வறட்டு இருமல், மூச்சிரைப்பு, கண் மஞ்சள், கோலாச்சாயம் போன்ற சிறுநீர், தாங்காத தலைவலி, எழ முடியாத அசதி, ஓயாத தாகம், தோல் உரிதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, கண் இமை தொங்குவது அரிது, ஆனால் உயிராபத்து. மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் இவை வரலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது: நான்காவது மாதம் அப்பாவுக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு, எங்களிடம் சொல்லவில்லை. 'உங்களுக்கு லீவு போடற வேலை வேண்டாம்னு பார்த்தேன்' என்றார். நான்காம் நாள் நாக்கு வறண்டு, நிற்க முடியாமல் சேர்த்தோம். அதற்குப் பிறகு 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பதை விட்டுவிட்டேன். 'நேற்று எத்தனை தடவை போனீங்க' என்று எண்ணைத்தான் கேட்பேன். வேறு மருத்துவமனையில் அவசரத்துக்குக் காட்ட நேர்ந்தால் 'கீமோ' என்று சொல்லாமல், 'இம்யூனோதெரபி' என்று மருந்தின் பெயரோடு சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாதாரண வயிற்றுக்கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஸ்டீராய்டு கொடுக்கிறாங்களே, இம்யூனோதெரபி வீணாயிடாதா?

பக்கவிளைவுக்குத் தரும் ஸ்டீராய்டால் பலன் அழிந்துபோவதாகப் பெரும்பாலும் காணவில்லை. கடுமையான பக்கவிளைவால் நிறுத்தியவர்களில் பலருக்கும் கட்டி கட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. சரியாகிவிட்டது என்று நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள், வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தைராய்டு, அட்ரீனல் கெட்டால் மட்டும் வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரை தேவைப்படும்.

மூளைக்குப் போயிடுச்சுன்னாங்க. இனிமே மருந்து எதுக்கு?

பத்து பதினைந்து வருடத்துக்கு முன் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. இப்போது சில கட்டிகள் மட்டும் என்றால் அவற்றை மட்டும் குறிவைக்கும் கதிர்வீச்சு இருக்கிறது. அறிகுறி இல்லாத சிறு கட்டிகளில் இரட்டை இம்யூனோதெரபி பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூளைக்குள்ளேயே பலன் தந்திருக்கிறது. வீக்கத்தால் அறிகுறி வந்து அதிக ஸ்டீராய்டு தேவைப்படுகிறவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. தொடங்கும்போதே ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருப்பதும் பின்னால் பக்கவிளைவுக்குத் தருவதும் வேறு வேறு.

முதல் ஸ்கேன்ல கட்டி பெரிசா தெரியுது. மருந்தை மாத்தச் சொல்லலாமா?

சிலருக்கு எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் புகுந்து, சுருங்குமுன் பெரிதாகக் காட்டும். அது சிறுபான்மைதான், ஆகவே அதையே நம்பி உட்காரவும் முடியாது. ஆள் தெம்பாக இருந்தால் நாலைந்து வாரம் கழித்து மறு ஸ்கேன் எடுப்பார்கள். ஆளும் தளர்ந்துகொண்டே போனால் அது உண்மையான வளர்ச்சியாகவே இருக்கும்.

கூடவே மூலிகை, சத்து மாத்திரை கொடுக்கலாமா?

மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். கல்லீரல் அளவு ஏறினால் காரணம் ஊசியா மூலிகையா என்று தெரியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும். 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' என்று விற்பவை இந்த மருந்துக்குத் துணைபோகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

அப்பாகிட்ட நாலாவது ஸ்டேஜ்னு சொல்லல. சொல்லாமலே ட்ரீட்மென்ட் கொடுத்துடலாமா?

இதைக் கேட்பவர்கள் அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனால் நோய் என்னவென்று தெரியாதவர், இருமலை எதற்குச் சொல்ல வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? வயிற்றுப்போக்கை மறைத்த கதை மேலே இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு நோய் தெரிந்தே அப்படி.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. 'உங்களுக்கு எவ்வளவு தெரியணும்? எல்லாமா, இல்ல அடுத்து என்ன செய்யறோம்கிறது மட்டுமா?' என்று அவரையே கேளுங்கள். சிலர் 'நீயே பார்த்துக்கோ' என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். பல அப்பாக்களுக்கு ஏற்கெனவே தெரியும், பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவர்கள் மறைக்கிறார்கள்.

நான் ஒன்னு சொல்றேன், அண்ணன் ஒன்னு சொல்றான். யார் பேச்சைக் கேக்கறது?

இரண்டு பேரும் அம்மாவிடம் கேட்டீர்களா? 'எந்த மருந்து வேண்டும்' என்று இல்லை. எதை இழக்கவே முடியாது என்று. ஒருவர் தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்பார், ஒருவர் பேத்தி கல்யாணம்வரை எப்படியாவது என்பார், ஒருவர் ஆஸ்பத்திரியில் மட்டும் படுக்கமாட்டேன் என்பார். அந்தப் பதிலை மருத்துவரிடம் கொண்டுபோனால் ஒற்றையா இரட்டையா என்பது பாதி தீர்ந்துவிடும். எங்கள் அப்பாவுக்கு நடமாட்டம்தான் எல்லாம்.

தூரத்திலிருக்கும் பிள்ளையையும் ஒருமுறை போனிலாவது மருத்துவரிடம் நேரடியாகப் பேசவையுங்கள். நம் வாயால் கேட்கும்போதுதான் சண்டை வருகிறது. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் அவமரியாதை இல்லை. மெலனோமாவை அடிக்கடி பார்ப்பவராக இருக்க வேண்டும், அறிக்கை மட்டுமல்லாமல் பயாப்சித் திசுவும் கூடப் போக வேண்டும்.

முதல் மருந்து கேக்கலைன்னா?

ஒற்றையில் தொடங்கியவர்களுக்கு இபிலிமுமாப் சேர்ப்பது, பிராஃப் உள்ளவர்களுக்கு மாத்திரை, கைக்கெட்டும் இடத்திலுள்ள கட்டிக்குள் நேரடியாகப் போடும் ஊசி, மருத்துவ ஆய்வுகள் என்று வழிகள் உண்டு. கட்டியிலிருந்தே எதிர்ப்புச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கித் திருப்பி ஏற்றும் சிகிச்சைக்கு 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முன்னால் கடும் கீமோ தர வேண்டும், எனவே தளர்ந்தவர்களுக்கு ஏற்றதில்லை. ஆய்வில் சேரும் எண்ணம் இருந்தால் முதல் மருந்துக்கு முன்பே விசாரியுங்கள். சில ஆய்வுகள் ஏற்கெனவே மருந்து எடுத்தவர்களைச் சேர்ப்பதில்லை.

பேலியேட்டிவ் டாக்டரைப் பாருங்கன்னா, கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தமா?

இல்லை. வலி, தூக்கம், பசி, மனக்கலக்கம் ஆகியவற்றைப் பார்ப்பவர் அவர். புற்றுக்கான சிகிச்சையோடு சேர்ந்தே வரலாம். 2010-இல் நுரையீரல் புற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தொடக்கத்திலிருந்தே பேலியேட்டிவ் மருத்துவரையும் பார்த்தவர்கள் நிம்மதியாகவும் இருந்தார்கள், சற்றுக் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள். முதல் மாதமே கேட்டு வாங்குங்கள்.

அப்பா 'போதும்'கிறார். நான் எப்படி விட்றது?

முதலில் அந்தப் 'போதும்' எதற்கு என்று பாருங்கள். வலி தாங்காமலா, தூக்கமின்மையா, உங்கள் செலவை நினைத்தா, உண்மையிலேயே சிகிச்சையா? முதல் இரண்டுக்கு மருந்து இருக்கிறது. செலவு என்றால் மறைக்காமல் கணக்கைக் காட்டிப் பேசலாம். இதற்கெல்லாம் பிறகும் அதே சொல் வந்தால், 'நிறுத்தினால் அடுத்த மாதங்கள் எப்படிப் போகும், வீட்டில் வலியை யார் பார்ப்பார்கள், ராத்திரி யாரைக் கூப்பிடுவது' என்று அவரையும் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்பாவுக்கு ஒற்றை மருந்து பதினான்கு மாதம் கேட்டது. பிறகு கல்லீரலில் வந்தது. இபிலிமுமாப் சேர்க்கலாம் என்றார்கள். முன்பு குடலைத் தாக்கியது மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார்கள். அப்பா ஒரு வாரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, காலை நடைக்குக் கூட வருகிறாயா என்று கேட்டார். அதன்பின் ஐந்து மாதம் நடந்தோம், கடைசி மூன்று வாரம் தவிர.